தாவோஸில் ஒரு மண்வீடு: நான்கு இரவுகள் தங்கிய அனுபவம்

அமெரிக்காவில் பிள்ளைகளையோ சகோதரங்களையோ பார்க்கப் புறப்படும் கொழும்புக் குடும்பங்கள் பெரும்பாலும் நியூயோர்க், நயாகரா, டிஸ்னி என்றே பயணத்தைத் திட்டமிடுகின்றன. எங்களுக்கும் அதுவே எண்ணமாக இருந்தது. ஆனால் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகெர்க்கியில் வேலை பார்க்கும் தம்பி, அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 135 மைல் தொலைவில் உள்ள தாவோஸைப் பார்க்காமல் போகக்கூடாது என்று நின்றதால், சென்ற செப்டெம்பரில் அம்மா, மனைவி, மகள் ஆகியோருடன் அங்கே வாடகை வீடொன்றில் நான்கு இரவுகள் தங்கினேன். (பொருளாதார மாநாடு நடக்கும் சுவிட்சர்லாந்து நகரம் வேறு.) வெள்ளவத்தையிலிருந்து அப்படி ஒரு வீட்டைப் படம் பார்த்து முற்பதிவு செய்யப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தாவோஸ் அதைவிடவும் உயரம், ஏறத்தாழ 2,120 மீற்றர். ஆனால் நுவரெலியாவின் ஈரமும் பசுமையும் அங்கே இல்லை. மழை குறைந்த வறண்ட மேட்டுநிலம் அது. பகலில் வெயில் சுடும், பொழுது சாய்ந்ததும் கம்பளிச்சட்டை தேட வைக்கும். கடற்காற்றின் ஈரத்திலேயே வளர்ந்த எங்களுக்கு முதல் நாளே உதடு வெடித்தது, மகளுக்கு மூக்கில் சிறிது இரத்தம் வந்தது. கழுவிக் காயப்போட்ட துவாய் அரை மணித்தியாலத்தில் காய்ந்தது.

இப்போது வீடு. நகரத்தின் மையச் சதுக்கத்துக்குத் தெற்கே, செம்மண் ஒழுங்கை ஒன்றின் முடிவில் நிற்கும் பழைய அடோபி வீடு அது. களிமண், மணல், வைக்கோல் மூன்றையும் குழைத்து வெயிலில் உலர்த்திய சுடாத கல்லுக்குத்தான் அடோபி என்று பெயர். இரண்டு அறை, ஒரு குசினி, முன்னால் விறாந்தை. உள்ளே நுழைந்ததும் அம்மா செய்த முதல் வேலை சுவரைத் தடவிப் பார்த்ததுதான். மண்பூச்சில் வைக்கோல் துணுக்குகள் பொன்னிறமாகத் தெரிந்தன; அந்தப் பகுதி மண்ணில் மைக்கா கலந்திருப்பதால், யன்னல் வெயில் பட்டபோது சுவர் முழுவதும் பொடிப்பொடியாக மினுங்கியது. “எங்கட பழைய வீட்டுச் சுவர் மாதிரித்தான் இருக்குது தம்பி, சாணிதான் மெழுகேல்லை” என்றார். அவர் பிறந்து வளர்ந்தது சாவகச்சேரிப் பக்கத்து மண்வீட்டில். அமெரிக்காவில் வந்திறங்கி இரண்டு கிழமையாக எதையும் தன்னுடையதாக உணராத ஒருவர், அந்தச் சுவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

யன்னல் திண்டில் என் கையை வைத்து அளந்தேன். சுவரின் தடிப்பு சரியாக ஒரு முழம். இந்தத் தடிப்பு பகல் வெயிலை உள்ளே வரவிடாமல் தாங்கி, இரவில் மெதுவாக வெப்பத்தை விடுகிறது. நண்பகலில் வெளியே கண் கூசும் வெயில் அடித்தபோதும் உள்ளே மின்விசிறிகூட எங்களுக்குத் தேவைப்படவில்லை. கூரையில் உருண்டை மரங்கள் வளைகளாகக் கிடக்க, அவற்றின் மேல் மெல்லிய தடிகளைச் சாய்வாக நெருக்கி அடுக்கியிருந்தார்கள். நடு அறையின் மூலையில் கறையான் புற்றுப் போலக் குவிந்த அடுப்பு ஒன்று. அதில் விறகைக் கிடத்தாமல் நிமிர்த்திச் சாத்தி எரிக்கவேண்டும். வீட்டுக்காரர் வைத்துவிட்டுப் போயிருந்த பின்யோன் பைன் விறகு எரிந்தபோது எழுந்த வாசம், வெள்ளிக்கிழமை மாலையில் சாம்பிராணி போட்ட வீட்டை நினைவூட்டியது.

தாவோஸில் “அடோபி” என்று விளம்பரம் செய்யப்படும் எல்லா வீடுகளும் மண்வீடுகள் அல்ல என்பதைக் கட்டாயம் சொல்லவேண்டும். பலகைச் சட்டகம் கட்டி, வெளியே மண்ணிறச் சாந்து பூசிய வீடுகள் நிறைய உண்டு. படத்தில் வேறுபாடு தெரியாது. முற்பதிவுக்கு முன் யன்னல் திண்டின் படம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். திண்டு ஆழமாக இருந்தால் பெரும்பாலும் உண்மையான மண்சுவர்தான். அந்தச் சுவர் எவ்வளவு கவனிப்பைக் கேட்கும் என்பதை அறிய விரும்புகிறவர்கள், அருகே ராஞ்சோஸ் தே தாவோஸில் உள்ள புனித பிரான்சிஸ் தேவாலயத்தைப் பார்க்கவேண்டும். ஜோர்ஜியா ஓகீஃப் வரைந்த, ஆன்சல் அடம்ஸ் படமெடுத்த அந்தக் கோயிலுக்கு 1967 இல் சீமெந்துச் சாந்து பூசினார்கள். ஈரம் உள்ளே தங்கி மண்கல் பழுதாகவே, 1979 இல் அதைப் பெயர்த்துவிட்டு மீண்டும் மண் பூசினார்கள். இன்றும் ஆண்டுதோறும் பங்குமக்களே கூடி மண் குழைத்துப் பூசுகிறார்கள்.

குறைகளுக்கு வருகிறேன். விளம்பரத்தில் இரவுக்கு 160 டொலர் என்றிருந்தது. நான்கு இரவுக்கு 640 என்று கணக்கிட்டேன். பணம் கட்டும் கட்டத்தில் துப்புரவுக் கட்டணம் 120, இடைத்தரகு நிறுவனத்தின் கட்டணமும் வரியும் சேர்ந்து 148 என்று ஏறி, 908 டொலராக முடிந்தது. ஓர் இரவுக்கு 227 டொலர் என்பதே உண்மையான விலை. ரூபாயில் பெருக்கிப் பார்ப்பவருக்கு அது சிறிய வேறுபாடு அல்ல. அதைவிட என்னை வருத்தியது, “சதுக்கத்துக்கு நடந்தே போகலாம்” என்ற வாசகம். ஒன்றரை மைல், நடைபாதை இல்லாத தெருவோரம். எழுபத்திரண்டு வயது அம்மாவை அப்படி நடத்த முடியாது. வாடகைக் கார் இல்லாமல் அந்த ஊருக்குப் போகவேண்டாம். இரண்டு அறைகளுக்கும் இடையில் தரை ஒரு படி தாழ்கிறது, அங்கே விளக்கு இல்லை; முதல் இரவிலேயே அம்மா தடுமாறினார், கதவுநிலையைப் பிடித்ததால் விழவில்லை. பழைய மண்வீடுகளில் அறை அறையாகச் சேர்த்துக் கட்டுவதால் தரைமட்டம் மாறுவது வழமைதான், ஆனால் முதியவர்கள் வருகிறார்கள் என்று நான் முன்கூட்டியே எழுதியிருந்தும் ஒரு சொல் எச்சரிக்கை வரவில்லை.

குசினி நன்றாக இருந்தது. சோறுதான் சோதித்தது. அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், வெளியே குழைந்த சோறு நடுவில் வேகாமலே நின்றது; பருப்பு ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. அடுத்த நாள் அரிசியை ஒரு மணித்தியாலம் ஊறவைத்து, கூடுதல் தண்ணீர் விட்டு, மூடியின் மேல் கனமான சட்டி ஏற்றி வைத்த பிறகே சரிவந்தது. சின்னப் பிரஷர் குக்கர் ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போவது புத்தி.

அந்த வீட்டிலிருந்து காரில் கால் மணித்தியாலத்துக்குள் தாவோஸ் புவெப்லோ வந்துவிடும். பல நூற்றாண்டுகளாக அமெரிக்கப் பழங்குடி மக்கள் வாழும் அடுக்கு மண்வீடுகள் அவை. 1992 இல் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. மதிலுக்குள் இன்றும் மின்சாரமும் குழாய்நீரும் இல்லை, நடுவே ஓடும் ஆறுதான் தண்ணீர். தீவா மொழி பேசும் அந்த மக்கள், தங்கள் புனித ஏரியான புளூ லேக்கை நெடும் போராட்டத்தின் பின் 1970 இல் அமெரிக்க அரசிடமிருந்து மீட்டவர்கள். சடங்கு நாட்களில் வெளியாருக்கு மூடிவிடுவார்கள், ஆகவே நாளை விசாரித்துவிட்டே வீடு எடுக்கவேண்டும். ஆட்களைப் படமெடுக்க அவர்களிடம் அனுமதி கேட்கவேண்டும். ஓவியர் ஊராக இது மாறிய கதையும் நல்ல கதை: 1898 இல் புளூமென்ஷைன், ஃபிலிப்ஸ் என்ற இரண்டு ஓவியர்கள் மெக்சிகோவுக்குப் போகும் வழியில் வண்டிச் சில்லு உடைந்து இங்கே நின்றார்கள், 1915 இல் ஓவியர் சங்கமே அமைந்துவிட்டது. அம்மாவுக்கு இவை எல்லாவற்றையும்விட நிறைவு தந்தது அந்த ஊர் ஆச்சிரமத்தில் இருக்கும் வெண்பளிங்கு அனுமார். நீம் கரோலி பாபாவின் அடியார்கள் நடத்தும் அந்தக் கோயிலில், இந்தியரல்லாத பலர் இந்தியில் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டு அவர் நெடுநேரம் எழும்பவில்லை.

புறப்படும் காலையில் திறப்பைப் பெட்டியில் வைத்துவிட்டு, படியையும் விளக்கையும் பற்றி வீட்டுக்காரருக்கு விவரமாக எழுதினேன். கொழும்பு வந்து மூன்றாம் நாள், படியோரத்தில் வெள்ளைக்கோடும் மேலே சிறு விளக்கும் போட்டிருப்பதாகப் படத்துடன் பதில் வந்தது. “நடந்தே போகலாம்” என்ற வாசகம் மட்டும் விளம்பரத்தில் இன்னும் அப்படியே இருக்கிறது.