எலாஸ்டிக்சர்ச்சில் தமிழ் அகரவரிசை: ஐசியூ நீட்சி எப்படி?

பல், பவளம், பழம், பள்ளம், பறவை, பனி. அகராதி வரிசை இதுதான். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளில், சொல்லை அப்படியே சேமிக்கும் சாதாரண கீவேர்ட் புலமோ பனி, பறவை, பல், பள்ளம், பழம், பவளம் என்று கொடுக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் தரும் யூனிகோடில் ன-வை ந-வுக்கு அடுத்தும் ற-வை ர-வுக்கு அடுத்தும் வைத்திருக்கிறார்கள். கீவேர்ட் பார்ப்பது அந்த எண்களைத்தான். புள்ளியின் எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால், முதலில் வரவேண்டிய 'அக்கா'வும் அகம், அகில் இரண்டுக்கும் கீழே போய்விடும்.

பல மொழிகளின் எழுத்து விதிகளைக் கொண்ட ஐசியூ லைப்ரரியை எலாஸ்டிக்சர்ச்சில் இணைக்கும் ஐசியூ நீட்சி இதைச் சரியாகத் தீர்க்கிறது. கிளஸ்டரின் (சேர்ந்து இயங்கும் சர்வர்களின் தொகுப்பு) ஒவ்வொரு நோடிலும் (சர்வர்) நிறுவி, ஒவ்வொன்றையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். பிறகு தலைப்புப் புலத்துக்குள் 'ஐசியூ கொலேஷன் கீவேர்ட்' (மொழி விதிப்படி வரிசைப்படுத்த உதவும் புலம்) வகையில் ஒரு துணைப்புலம் சேர்த்தால் போதும். வரிசைப்படுத்த மட்டும்தான் என்றால் அதில் தேடலுக்கான இண்டெக்ஸை அணைத்துவிடலாம். பழைய ஆவணங்களில் இந்தத் துணைப்புலம் தானாக நிரம்பாது. இருக்கும் ஆவணங்களை மறுபடி எழுதும் 'அப்டேட் பை குவெரி'யை ஒருமுறை ஓட்ட வேண்டும்.

கோட்டை விடும் இடம் மொழி அமைப்பு. தமிழ் என்று குறிப்பிடாவிட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது. எல்லா மொழிக்குமான பொது வரிசை ஓடும். அதிலும் ல வ ழ ள ற ன ஒழுங்காகவே வருவதால், மேலோட்டமாகப் பார்ப்பவர் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார். புள்ளி மட்டும் பழைய இடத்திலேயே இருக்கும். அதனால் சோதனைக்கு அக்கா, அகம், அகில் மூன்றையும் கட்டாயம் போட்டுப் பாருங்கள். இதே வரிசையில் வந்தால்தான் தமிழ் விதி வேலை செய்கிறது. 'பகுதி 10' என்பது 'பகுதி 2'க்கு முன்னால் வந்தால் நியூமெரிக் அமைப்பை இயக்குங்கள்.

இந்தப் புலம் சேமிப்பது சொல்லை அல்ல, வரிசைக்கான பைட்டுகளை. அதை வைத்து அக்ரிகேஷன் (மதிப்பு வாரியாகத் தொகுத்து எண்ணுவது) எடுத்தால் படிக்கவே முடியாத குப்பை வரும்; அதற்குப் பழைய கீவேர்டையே பயன்படுத்துங்கள்.

பெரிய குறை பதிப்பு மாற்றம். ஐசியூவின் ஒரு பதிப்பில் உருவான பைட்டுகளை இன்னொரு பதிப்பினதோடு ஒப்பிட முடியாது. எனவே மேம்படுத்தும்போது ஐசியூ பதிப்பும் மாறுகிறதா என்று பார்த்து, மாறினால் முழுவதையும் ரீஇண்டெக்ஸ் (மறுபடி புதிதாக இண்டெக்ஸில் ஏற்றுவது) செய்ய வேண்டும். கோடிக்கணக்கில் ஆவணம் வைத்திருப்பவர்களுக்கு இது சின்ன வேலை இல்லை.

வரிசை சரியானால் தேடலும் சரியாகிவிடாது. 'கொடி'யின் ஒகரக்குறியைச் சிலர் ஒரே குறியாகவும் சிலர் கொம்பு, கால் என இரண்டாகவும் உள்ளிட்டிருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுதான், தேடலுக்கு இரண்டு சொல். இதே நீட்சியிலுள்ள ஐசியூ நார்மலைசரை (ஒரே எழுத்தின் வேறு வடிவங்களை ஒன்றாக்குவது) அனலைசரில் (தேடலுக்காக உரையைச் சொற்களாகப் பிரிப்பது) சேர்த்தால் இரண்டும் ஒன்றாகும்.