தண்டவாளத்தின் ஓரத்தில் கேட்ட நால்வர் இசை: ஸ்டீவ் ரைஷின் ‘டிஃபரென்ட் டிரெயின்ஸ்’ இசைத்தட்டு

கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் தண்டவாளம் தெரியும். கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்களும் கூட்ஸ் வண்டிகளும் இரவுபகலாகப் போய்வருகிற இந்த இடத்தில், ரயில் சத்தத்தை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. இந்த இசைத்தட்டைக் கேட்கத் தொடங்கிய பிறகு நான் கவனிக்கிறேன்.

அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ், க்ரோனோஸ் குவார்டெட் என்ற நால்வர் தந்தி இசைக்குழுவுக்காக 1988இல் எழுதிய படைப்பு இது. நன்சச் நிறுவனம் 1989இல் இசைத்தட்டாக வெளியிட்டது. மறு ஆண்டு இதற்கு கிராமி விருது கிடைத்தது. இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய ஒரு வயோலா, அதைவிடப் பெரிய, கனத்த ஒலியுள்ள ஒரு செல்லோ ஆகியவற்றோடு, அதே நால்வர் முன்கூட்டியே வாசித்துப் பதிந்த அடுக்குகளும், பழைய ரயில்களின் ஓசையும், மனிதர்களின் பேச்சுத் துண்டுகளும் சேர்ந்து சுமார் 27 நிமிடங்கள் ஒலிக்கின்றன.

இதன் ஊற்று ரைஷின் குழந்தைப் பருவத்தில் இருக்கிறது. அவர் 1936இல் பிறந்தவர். அவருக்கு ஒரு வயதாக இருக்கும்போதே பெற்றோர் பிரிந்துவிட்டதால், தந்தை நியூயார்க்கிலும் தாய் லாஸ் ஏஞ்சலஸிலும் இருந்தார்கள். 1939 முதல் 1942 வரை, தன்னைக் கவனித்துக்கொண்ட வெர்ஜினியா என்ற பெண்மணியோடு அந்தச் சிறுவன் இரு நகரங்களுக்கும் இடையே நாட்கணக்கில் ரயிலில் போய்வந்தான். யூதரான தான் அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் பிறந்து வளர்ந்திருந்தால் ஏறியிருக்கக்கூடிய ரயில்களே வேறு, யூதர்களை நாஜி வதைமுகாம்களுக்கு ஏற்றிச்சென்றவை, என்ற எண்ணம் பிற்காலத்தில் அவரைப் பற்றிக்கொண்டது. முதியவராகிவிட்ட வெர்ஜினியாவைத் தேடிச் சென்று பேசவைத்துப் பதிவு செய்தார். அந்தத் தடங்களில் படுக்கைப் பெட்டி ஊழியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற லாரன்ஸ் டேவிஸையும் பதிவு செய்தார். நாஜிகளிடமிருந்து உயிர்தப்பி அமெரிக்காவில் குடியேறிய மூவரின் குரல்களை ஆவணக் காப்பகங்களிலிருந்து எடுத்தார். அந்த மூவரும் ஏறக்குறைய அவருடைய வயதினரே.

இப்படிப்பட்ட பின்னணிக் கதை பல இசைப் படைப்புகளுக்கு உண்டு. பெரும்பாலும் அது தட்டோடு வரும் சிறுநூலில் அச்சாகியிருக்கும். இசை தன் வழியே போகும். இங்கே அப்படி இல்லை. ஒருவர் பேசும்போது குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எந்த அசையில் அழுந்துகிறது என்பதைச் சுரமாக எழுதி, அதையே தந்திக் கருவிகளுக்கு மெட்டாகக் கொடுத்திருக்கிறார் ரைஷ். பெண்களின் பேச்சை வயோலாவும் ஆண்களின் பேச்சைச் செல்லோவும் ஏற்கின்றன. காலையில் எங்கள் தெருவில் கூடையோடு வரும் காசிமேட்டு அம்மா “மீனேய்” என்று கூவும்போது, முதல் அசையில் சட்டென்று மேலே போய், இரண்டாம் அசையை நீட்டி, முடிவில் சற்றே தாழ்த்துவார். அந்த வளைவை ஒரு வயோலா அப்படியே வாசித்துக்காட்டுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். இந்தப் படைப்பு பிடிபட்டுவிடும்.

இதனால் ஒரு விளைவு உண்டு. ஒவ்வொரு புதிய பேச்சுத் துண்டும் தனக்குரிய வேகத்தோடும் சுருதியோடும் வருவதால், காலப்பிரமாணம் நொடியில் மாறிவிடுகிறது. கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு முதலில் இது ஏதோ தவறு போலத் தோன்றும். எனக்கும் தோன்றியது. மூன்றாம் முறை கேட்கையில்தான் மாறுவது தாளம் அல்ல, பேசுகிற ஆள் என்று புரிந்தது. அடியில் ஓடும் ரயில் சந்தமோ முரசடிப் பயிற்சியிலிருந்து வந்தது: வலது, இடது, வலது, வலது, இடது, வலது, இடது, இடது. பதினான்கு வயதிலேயே டிரம்ஸ் கற்ற ரைஷ், ரயிலுக்கு வேறு சந்தம் தேடவில்லை.

முதல் பகுதி இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய அமெரிக்கா. ஊதல்கள் நீண்டு, திறந்த வெளியில் கரைவது போல ஒலிக்கின்றன. இரண்டாம் பகுதியில் ஐரோப்பிய ரயில்களின் ஊதல் குறுகிக் கிறீச்சிடுகிறது; அதன்மேல் விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கு ஏறுகிறது. சங்கின் சுருதி வழுக்கி மேலேற, வயலின்கள் அதைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தை என்னால் உட்கார்ந்தபடி கேட்க முடியவில்லை. அழுகையைத் தூண்டும் மெட்டு எதுவும் அங்கே இல்லை. சாட்சி சொல்பவரின் குரலைத் தாண்டி ஒரு சுரம்கூடச் சேர்க்காத அந்தக் கட்டுப்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

மூன்றாம் பகுதியில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. போர் முடிந்த பிறகு இரு உலகத்துக் குரல்களும் கலக்கும்போது நடுவில் சில நிமிடங்கள் முன்பு கேட்டதையே சுற்றிவருகின்றன. ஆனால் இறுதியில், ஒரு சிறுமி பாடியதையும் ஜெர்மானியர் விரும்பிக் கேட்டு, இன்னும் பாடச் சொல்லிக் கைதட்டியதையும் ஒரு பெண் நினைவுகூரும்போது, அந்தத் தொய்வு மறந்துபோகிறது.

வாங்குவோர் சிறுநூல் உள்ள பிரதியையே வாங்க வேண்டும். பழைய தட்டு விற்பவர் ஒருவரிடமிருந்து எனக்கு வந்த பிரதியில் அது இல்லை. ஆங்கிலப் பேச்சின் சில சொற்கள் தந்திகளுக்குள் அமிழ்ந்துவிடுவதால், உரையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை கேட்பது அவசியம். ஹெட்போனைவிடச் சாதாரண ஒலிபெருக்கியே பொருத்தம்; அடுக்குகள் அறையில் பரவித்தான் தனித்தனியே துலங்குகின்றன.

இதே தட்டில் பாட் மெத்தனி வாசித்த ‘எலக்ட்ரிக் கவுன்டர்பாயின்ட்’ என்ற கிட்டார் படைப்பும் இருக்கிறது. இனிமையானது, ஒளி நிறைந்தது. ஆனால் அந்தச் சிறுமியின் கதை முடிந்த சில நொடிகளில் அது தொடங்கிவிடுகிறது. நான் அங்கேயே நிறுத்திவிடுகிறேன். கிட்டாரை மறுநாள் காலையில் கேட்கிறேன்.