தேன் சேர்த்த நீர்வண்ணமும் கடற்கரை ஊரின் ஈரக் காற்றும்

ஆயத்தமாக விற்கும் நீர்வண்ணத் தொகுப்பை வாங்குவதா, காலி உலோகப் பெட்டியில் ட்யூப் வண்ணங்களை நிரப்பிச் சொந்தமாக ஒரு பேலட் (வண்ணப் பெட்டி) அமைத்துக்கொள்வதா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அப்படி அமைத்த ஒரு பேலட்டைக் கொண்டுதான் சில ஆண்டுகளாக நாகப்பட்டினத்தில் வரைந்து வருகிறேன். பெட்டியின் அளவு, எடை முதலியவை எல்லாருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிட்டு, விற்பவர்கள் யாரும் சொல்லாத ஒன்றைப் பற்றியே இங்கு அதிகம் எழுதுகிறேன்.

பெட்டியைப் பொறுத்தவரை எனக்குக் குறை இல்லை. பன்னிரண்டு அரைப் பான்களுக்கான (பான் என்பது வண்ணம் நிரப்பும் சிறு கிண்ணம்) பெட்டியின் நடுவே தூரிகை வைப்பதற்கென்று ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள். பான்களைப் பிடித்திருக்கும் தகட்டுச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, பான்களின் அடியில் காந்தப் பட்டையை வெட்டி ஒட்டினால், அந்தப் பள்ளத்திலும் ஒரு வரிசை அமர்ந்து பதினெட்டு வண்ணங்களுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. மூடியின் ஓரத்தில் எனாமல் பெயர்ந்த இடத்தில் துரு ஏறியது; உப்புத்தாளால் தேய்த்து, நிறமில்லாத நகப்பூச்சு தடவியபின் அது பரவவில்லை.

வண்ணங்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் சொந்தப் பேலட்டின் முழு நன்மையும் இருக்கிறது. ட்யூபின் முகப்பில் உள்ள பெயரை நம்பாமல், பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் நிறமிக் குறியீட்டைப் பார்த்து வாங்க வேண்டும். பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) என்ற ஒரே பெயரில் ஒரு நிறுவனம் பிபிஆர் 7 என்னும் மண் நிறமியையும், இன்னொரு நிறுவனம் பிஆர் 101 என்னும் செயற்கை இரும்பு ஆக்சைடையும் விற்கின்றன. இரண்டும் தாளில் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. ஆயத்தத் தொகுப்புகளில் தவறாமல் இடம்பெறும் சாப் கிரீன் என்ற பச்சை பெரும்பாலும் இரண்டு மூன்று நிறமிகளின் கலவைதான் என்பதால் அதை நான் சேர்க்கவே இல்லை. எலுமிச்சை மஞ்சளில் தாலோ பச்சையை ஊசிமுனை அளவு தொட்டுக் கலந்தால் நாற்றங்காலின் இளம்பச்சை வந்துவிடுகிறது. பிஒய் 150 என்ற குறியீடுள்ள மஞ்சளோடு அல்ட்ராமரைன் நீலத்தைச் சேர்த்தால் முற்றிய வேப்பிலையின் மங்கிய பச்சை கிடைக்கிறது. அதே அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கூடினால் ஐப்பசி வானத்தின் சாம்பல் நிறம் முழுவதும் கைக்கு வந்துவிடும் என்பதால், கறுப்புக்கென்று ஒரு பான்கூட ஒதுக்கவில்லை. ஓபரா பிங்க் என்ற பளிச்சென்ற இளஞ்சிவப்பு காகிதப் பூவுக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றினாலும், அதிலுள்ள ஒளிரும் சாயம் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். அந்த இடத்தில் குவினாக்ரிடோன் ரோஸ் என்ற ரோஜா நிறம் இருக்கிறது. தாலோ பச்சையும் தாலோ நீலமும் தொட்ட இடத்தையெல்லாம் கறைப்படுத்தும் வலிமை கொண்டவை. ஆகவே அவை மஞ்சள்களுக்கு நேரெதிர் மூலையில் அமர்ந்திருக்கின்றன.

நிரப்புவதற்குப் பொறுமை வேண்டும். அரைப் பான் ஒன்றில் ஏறக்குறைய 2 மி.லி. வண்ணம் கொள்ளும், 5 மி.லி. ட்யூபில் இரண்டு பான்களை நிரப்பிய பின்னும் சிறிது மிஞ்சும். முதலில் நான்கு மூலைகளிலும் வண்ணத்தைப் பிதுக்கி, பிறகு நடுவில் இட்டு, பல்குச்சியால் மெல்லக் கிளறினால் அடியில் சிக்கிய காற்றுக் குமிழ்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடையும். பாதி உயரத்துக்கு நிரப்பி, அது இறுகிய பின்னரே மீதியை நிரப்ப வேண்டும். ஒரேயடியாக நிரப்பினால் மேலே ஆடை கட்டி உள்ளே ஈரமாகவே நின்றுவிடும், காயும்போது பக்கச் சுவரை விட்டு விலகிச் சுருங்கும். விரிடியன் பச்சை போன்ற சில நிறமிகள் எப்படி நிரப்பினாலும் காய்ந்து விரிசல் விடும். ஒரு துளி கிளிசரின் கலந்தால் ஓரளவு தாங்கும்.

இனி, நான் சொல்ல வந்த குறை. என் பேலட்டில் பாதி வண்ணங்கள் தேன் சேர்த்துத் தயாரிக்கப்பட்டவை. பானில் ஊற்றினால் இரண்டே நாளில் இறுகிவிடும் என்று விற்றவர் உறுதி சொன்னார். எந்த ஊரில் இறுகும் என்பதைச் சொல்லவில்லை. தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள், அதற்காகவேதான் அதைச் சேர்க்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் விற்ற வண்ணக் கட்டிகள் கல்லைப் போலிருந்தன, உரைத்துத்தான் பயன்படுத்த முடிந்தது. 1830களில் வின்சர் அண்ட் நியூட்டன் கிளிசரின் சேர்த்த ஈரப்பதமான வண்ணத்தைக் கொண்டுவந்தபோது ஓவியர்களுக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. ஆனால் அந்த ஈரத்தை வண்ணத்துக்கு வெளியிலிருந்து கொடுக்க வேண்டிய தேவை கடற்கரையில் வசிப்பவருக்கு இல்லை, காற்றே கொடுத்துவிடுகிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை என் பான்களில் உள்ள தேன் வண்ணங்கள் இறுகியதே கிடையாது. பெட்டியைப் பைக்குள் செங்குத்தாக வைத்து எடுத்துச் சென்றால், குவினாக்ரிடோன் ரோஸ் தன் சுவரைத் தாண்டி வழிந்து, அடுத்திருக்கும் காவி மஞ்சளின் மேல் ஏறி நிற்கிறது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டுப் பார்த்தேன், இரவு முழுவதும் மின்விசிறியின் கீழ் திறந்து வைத்தேன். மழைக்காலத்தில் இரண்டுக்கும் பயனில்லை. வெயிலில் வைத்தால் மேற்பரப்பு மட்டும் தோல் கட்டுகிறது.

அதைவிடக் கோபம் வரவழைப்பது பூஞ்சணம். மூடி வைத்த பெட்டியை மழை நாள் ஒன்றில் திறந்தபோது, காவி மஞ்சளின் மேல் வெண்மையான மெல்லிய இழைகள் ஓர் ஓரத்திலிருந்து நடுவரை படர்ந்திருந்தன. மேலடுக்கைக் கத்தியால் சுரண்டி எறிந்துவிட்டு, பானின் ஓரங்களையும் பெட்டியையும் சர்ஜிகல் ஸ்பிரிட்டால் துடைத்தால் அப்போதைக்குப் போய்விடும். அடுத்த அடைமழையில் மீண்டும் வரும். விலை உயர்ந்த வண்ணத்தை இப்படிச் சுரண்டிச் சுரண்டி எறிவது மனத்துக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. ட்யூபின் மேலோ விற்பனைக் குறிப்பிலோ ஈரமான தட்பவெப்பத்தைப் பற்றி ஒரு வரி எழுதுவதற்கு இவர்களுக்கு என்ன தடை என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆயினும் நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லியாக வேண்டும். தாளின் மேல் தேன் வண்ணத்துக்கு இணையான எதையும் நான் பயன்படுத்தியதில்லை. ஈரத் தூரிகை ஒருமுறை தொட்டாலே போதும், தேய்க்க வேண்டியதில்லை. வெறும் அராபிக் கோந்தில் குழைத்த வண்ணத்தைக் கிளப்பும் நேரத்தில் இதில் ஒரு வானத்தையே பூசி முடித்துவிடலாம். நனைத்த தாளில் அது விரியும் வேகமும், காய்ந்த பின்னும் மங்காமல் நிற்கும் செறிவும் எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகின்றன. பங்குனி, சித்திரை வெயிலில் யாராவது கேட்டிருந்தால், இதைவிட நல்ல வண்ணம் இல்லை என்றுதான் எழுதியிருப்பேன்.

இப்போது மழைக்காலத்தில் கேட்டிருப்பதால், என் பதில் இதுதான்: பெட்டியை வாங்குங்கள், பதினெட்டாக மாற்றுங்கள், கடலோரத்தில் இருந்தால் தேன் சேர்த்த வண்ணத்தைப் பானில் ஊற்றாதீர்கள். வேண்டுமென்றால் ட்யூபிலேயே வைத்துக்கொண்டு, அன்றன்றைக்குத் தேவையானதைப் பீங்கான் தட்டில் பிதுக்கிக்கொள்ளுங்கள். நானும் இந்த வாரம் காவி மஞ்சள் தொடங்கி ஒவ்வொரு பானாகக் காலி செய்து, கோந்து வண்ணத்தை நிரப்பத் தொடங்கியிருக்கிறேன். குவினாக்ரிடோன் ரோஸை மட்டும் எடுக்கப்போவதில்லை. அது மற்றதன் மேல் வழியாதபடி இருபுறமும் காலிப் பான்களை வைத்துவிட்டேன். பதினெட்டு இப்போது பதினாறாகிவிட்டது.