பிட்ச்: மைதானத்தில் ஒன்று, மேடையில் ஒன்று

கிரிக்கெட் பார்க்கிறவருக்கு பிட்ச் என்றால் 22 கெஜ நீளம், 10 அடி அகலத்தில் ஒரு மண்தரை. பாட்டு கற்கிறவருக்கு அதே சொல் சுருதி.

முதலாவதில் அளவு உலகம் முழுக்க ஒன்றுதான், குணம்தான் மாறும். சேப்பாக்கத்திலேயே செம்மண் பிட்சும் உண்டு, கரிசல்மண் பிட்சும் உண்டு. முதல் நாள் சமர்த்தாக எழும்பிய பந்து ஐந்தாம் நாள் வெடிப்பில் விழுந்தால் எந்தப் பக்கம் போகும் என்று போட்டவருக்கே தெரியாது. போதாததற்கு வினையாகவும் வருகிறது: லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆன, அதாவது தரையில் குத்திய, பந்துக்கு எல்பிடபிள்யூ (காலில் பட்டதற்கான அவுட்) கிடையாது. ஆடுகளம் என்று எழுதினால் முழு மைதானமும் கண்ணில் வருகிறது, அதனால் நான் பிட்ச் என்றே எழுதுவேன்.

இசையில் தலைகீழ், அதுவும் பாதிதான். மேற்கத்திய இசைக்குழுக்களுக்கு ஏ ஸ்வரம் பொதுவாக 440 ஹெர்ட்ஸ். நம் பாடகரோ தன் குரலுக்குத் தக்கபடி ஒரு கட்டை, ஐந்தரைக் கட்டை என்று சுருதியின் உயரத்தை எடுத்துக்கொள்கிறார். எடுத்துவிட்டால் அப்புறம் கச்சேரி முழுக்க தம்புரா அங்கேயேதான் நிற்கும். இங்கே சுருதி என்ற அருமையான சொல் இருக்க, பிட்ச் எதற்கு?

சரி, இரண்டிலும் சேராத ஒன்று: எம்10 போல்ட்டுக்கு நட் கேட்டால் கடைக்காரர் "1.5 பிட்சா, 1.25ஆ?" என்பார். இங்கே பிட்ச் என்பது அடுத்தடுத்த மரைகளுக்கு இடையே உள்ள தூரம், மில்லிமீட்டரில். எனக்கென்ன தெரியும், ஏதோ ஒன்று என்றேன். வீட்டில் இரண்டு சுற்று போனது, அதோடு இறுகிவிட்டது.