எங்கள் வட்டாரத்து நோட்டீஸ்களில் பாதையும் பஸ்ஸும்: ஒரு விமர்சனம்

கலரைச் சொன்னால் கட்சி தெரிந்துவிடும், அதனால் தாளை வைத்துச் சொல்கிறேன். 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு, அதாவது எங்கள் பிரதேச சபைக்கு ஆள் தெரிவு செய்ய, ஹட்டன் பக்கம் எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) வந்த மூன்று நோட்டீஸ்களில் பளபளப்பான தாளில் வந்ததுதான் மிக மோசம், போட்டோகொப்பி எடுத்து ஒரு பக்கம் மட்டும் வந்த சுயேச்சைக் குழுவின் தாள் பரவாயில்லை. பாதை, பஸ் பற்றிய பகுதியை மட்டும்தான் பார்க்கிறேன். சம்பளத்தைப் பற்றியும் நிறைய இருந்தது, பிரதேச சபைக்கும் தோட்டச் சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அடுத்த முறை நோட்டீஸே தரமாட்டார்கள்.

பளபளப்புத் தாளின் முதல் வாக்குறுதி, ஹட்டன் - நுவரெலியா பாதையை அகலமாக்கித் தருவது. அது ஏ7. அவிசாவளையில் தொடங்கி கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை என்று ஏறிப் போகிற பாதை. ஏ, பி தரப் பாதைகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை, அதில் ஒரு கூடை சல்லிக்கல் கொட்டுவதற்குக்கூட நம் வட்டார உறுப்பினருக்கு அதிகாரமில்லை. கடிதம் எழுதலாம், அதை நானும் எழுதுவேன். இரண்டாவது வாக்குறுதி காலையில் தோட்டத்துக்குப் புது பஸ். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு பெர்மிட் கொடுப்பது மாகாணப் போக்குவரத்து அதிகார சபை, இ.போ.ச. (அரசாங்கத்தின் இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் என்றால் அதன் டிப்போ. மத்திய மாகாண சபைக்குக் கடைசியாக 2013-இல் வாக்களித்தோம், 2018-இல் அதன் காலம் முடிந்தது, அப்புறம் ஆளுநர்தான் எல்லாம். பஸ்ஸைப் பற்றி நாம் கேட்க வேண்டிய இடத்தில் நாம் தெரிவு செய்த ஆளே இல்லை என்பதால்தான் பிரதேச சபைக்கு வருகிறவர் இவ்வளவு தைரியமாக பஸ் விடுகிறார் என்று நினைக்கிறேன். 5-க்கு ஒன்று, அதுவும் அச்சு தெளிவாக இருந்ததற்காக.

மூன்றில் இன்னொன்று, நாலு பக்கமாக மடித்து வந்த நோட்டீஸ். அதை எழுதியவருக்குச் சட்டம் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. 1987-இன் பிரதேச சபைச் சட்டத்தில் 33-ஆம் பிரிவைக் காட்டித்தான் நம் தோட்டங்களுக்குச் சபைப் பணம் செலவழிக்க முடியாது என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாக்கு மட்டும் வேண்டும், வேலை கிடையாது. 2018-இல் அதைத் திருத்தினார்கள், இனி தோட்டப் பாதைக்கும் சபை செலவழிக்கலாம் என்று இந்த நோட்டீஸ் விளக்கியிருக்கிறது, இதை யாராவது தமிழில் எழுதிக் கையில் கொடுத்தது நல்ல விஷயம். ஆனால் அடுத்த வரியில் "தோட்டப் பாதைகள் அனைத்தும் காபட்" (தார் போட்ட பாதை) என்று போட்டுக் கெடுத்துவிட்டார்கள். எந்தப் பாதை, எந்த டிவிஷன், எத்தனை கிலோமீட்டர், ஒன்றும் இல்லை. சட்டம் மாறினாலும் காணி இன்னும் கம்பனியின் கையில்தான், தோட்டத் துரையிடம் (மேனேஜரிடம்) யார் போய்ப் பேசுவது என்றும் இல்லை. கொழுந்து லொறி போகிற இடம் வரைக்கும் நிர்வாகம் ஏதோ பார்த்துக்கொள்ளும். அங்கிருந்து லயத்துக்கு இறங்குகிற துண்டு இருக்கிறதே, அதுதான் பிரச்சினை, மழைக்கு அது பாதையா ஓடையா என்று தெரியாது, ஓட்டோக்காரத் தம்பி மேலேயே நிறுத்தி "இறங்கி நடங்க அக்கா, வண்டி போகாது" என்பான், பிரசவ வலியோடு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பிள்ளையையும் அது வரைக்கும் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். அந்தத் துண்டைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் 4 போட்டிருப்பேன். இப்போது இரண்டரை.

சரி, போட்டோகொப்பித் தாள். எழுத்துப்பிழை நிறைய, வேட்பாளரின் முகம் கறுப்பாக விழுந்து ஆளே தெரியவில்லை. ஆனால் கோயிலுக்குக் கீழே உள்ள வளைவில் கான் (மழைநீர் வடிகால்) வெட்டுவது, பாலர் பாடசாலை முன்னால் விளக்குப் போடுவது, பஸ் நிற்கிற இடத்தில் கூரை, ஓட்டோ தரிப்பிடத்தை மரக்கறிக் கடை வாசலிலிருந்து நகர்த்துவது என்று இடத்தைச் சொல்லி எழுதியிருக்கிறார்கள், எல்லாமே பிரதேச சபை தானாகச் செய்யக்கூடிய வேலை. முக்கியமாக அந்தக் கான். தென்மேற்குப் பருவமழை நம் பக்கம் எப்படிப் பெய்யும் என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீர் ஓட வழி இல்லாமல் என்ன காபட் போட்டாலும் ஓரத்தில் அரித்து, அடியில் இறங்கி, குழியாகிவிடும். செங்குத்தான இறக்கத்துக்கு கொங்கிரீட்தான் சரி, கானோடு சேர்த்து. இதை விளங்கிக்கொண்டு எழுதியவர்கள் இவர்கள் மட்டும்தான். மூன்றரை. பணம் எங்கிருந்து, எது முதலில் என்று எழுதாததற்கு ஒன்றரைக் கழிவு.

எல்லோருக்கும் சேர்த்து ஒரு குறை: பாதுகாப்பு என்று ஒருவரும் எழுதவில்லை. 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதையில் பஸ் விபத்தில் 7 பேர் போனார்கள். இந்தத் தேர்தல் முடிந்து ஐந்தாம் நாள் கொத்மலை கெரண்டி எல்லவில் இ.போ.ச. பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள், அதன் பிறகுதான் தடுப்பு வேலி பற்றி எல்லோருக்கும் பேச்சு வந்தது. பெரிய பாதை சபையுடையது அல்ல, உண்மை. சபைப் பாதையில் வளைவுக் கண்ணாடியும் ஓரத்தூணும் போடலாமே, அதற்குக் கொழும்பைக் கேட்க வேண்டியதில்லை.

ஆளுக்கென்று தனியாகப் போடும் விருப்பு வாக்கு இல்லாத தேர்தல், கட்சிக்கோ குழுவுக்கோ ஒரே புள்ளடிதான், ஆளைப் பிடித்துக் கட்சியைப் பிடிக்காவிட்டாலும் வேறு வழியில்லை. போட்டோகொப்பிக் குழுவில் ஒருவர், வட்டாரத்தில் வென்று அல்ல, குழுவின் பட்டியல் வழியாகச் சபைக்குள் போயிருக்கிறார். கான் ஒரு பக்கம் வெட்டியாகிவிட்டது, பாலர் பாடசாலை விளக்கு இன்னும் இல்லை. அது எரிந்தால் அரைப் புள்ளி கூட்டிப் போடுகிறேன்.