ரெட்புக் குறியீடு: துணிக்காரனுக்கு உதவுமா?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (பையரிடம் ஆர்டர் பேசி, சரக்கு போய்ச் சேரும்வரை பார்த்துக்கொள்பவராக) இருக்கிறேன். எங்கள் சரக்கில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போகிறது. அங்கே கடையில் துணி நகர்ந்தால்தான் இங்கே அடுத்த ஆர்டர். அதனால் அமெரிக்கக் கடை விற்பனையை வாராவாரம் சொல்லும் ஜான்சன் ரெட்புக் குறியீட்டை விடாமல் பார்ப்பேன்.

செவ்வாய்தோறும் நியூயார்க் நேரம் காலை 8.55-க்கு வரும். நமக்கு அவர்களுடைய கோடையில் மாலை 6.25, குளிர்காலத்தில் 7.25. பெரிய சங்கிலிக் கடைகளில் சுமார் 9,000 கிளைகளின் விற்பனை, போன வருடம் இதே வாரத்தைவிட எத்தனை சதவீதம் கூடியது, குறைந்தது என்று ஒரே ஒரு எண். அதைப் பொருளாதார நாட்காட்டித் தளங்களில் இலவசமாகப் பார்க்கலாம்; முழு அறிக்கை சந்தா கட்டுபவர்களுக்கு. அமெரிக்க அரசின் மாதச் சில்லறை விற்பனைக் கணக்கு அடுத்த மாதம் பாதியில்தான் வரும் என்பதால், வேகத்துக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆனால் விலைவாசியைக் கழிக்காத எண் இது. 2022 ஜூனில் குறியீடு 10 சதவீதத்துக்கு மேல் நின்றது. பார்த்தால் அமோக வியாபாரம்! அதே மாதம் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதம். சரக்கு தேங்கிவிட்டது, தள்ளுபடியில் விற்கிறோம், ஆர்டர்களை ரத்து செய்கிறோம் என்று அமெரிக்கச் சங்கிலிக் கடையான டார்கெட் அறிவித்ததும் அந்த ஜூனில்தான். ஜூலையில் வால்மார்ட்டும் லாபக் கணிப்பைக் குறைத்தது: மக்கள் காசு மளிகைக்கே போய்விடுகிறது, துணியை விலை குறைத்துத்தான் தள்ள வேண்டியிருக்கிறது என்றார்கள். மொத்த எண்ணில் அரிசி, முட்டை, டி-ஷர்ட் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. நமக்கு வேண்டியது டி-ஷர்ட் மட்டும்.

ஈஸ்டர் சமயத்தில் இன்னும் மோசம். பண்டிகைத் தேதி வருடா வருடம் மாறும்: 2024-இல் மார்ச் 31, 2025-இல் ஏப்ரல் 20. பண்டிகை வாரத்தைச் சாதாரண வாரத்தோடு ஒப்பிட்டால் எண் தாறுமாறாகத்தான் ஆடும். 2021 வசந்தத்தின் பாய்ச்சலும் அப்படித்தான். முந்தைய வருடம் ஊரடங்கில் கடைகளே பூட்டிக் கிடந்தன.

ஒரு வார எண்ணை நம்பி நூல் புக் செய்யாதீர்கள். நான்கு வாரச் சராசரி போட்டு, அப்புறம் பையர் கம்பெனியின் காலாண்டு அறிக்கையில் சரக்குக் கையிருப்பு எவ்வளவு என்று பாருங்கள். விற்பனையைவிட அது வேகமாக ஏறினால், ஆர்டர் தள்ளிப்போகும் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். துணிக்குத் தனி எண் இலவசமாகக் கொடுத்தால் நாலு.