தரவை அனுப்புவதா, ஆய்வாளரை வரவழைப்பதா?

ஒரு மருத்துவமனையின் நோயாளித் தரவை வேறொரு நிறுவனம் ஆய்வுக்குப் பயன்படுத்த இன்று மூன்று வழிகள் உள்ளன: அடையாளங்களை நீக்கிப் பிரதியை அனுப்பலாம், தரவைப் பூட்டிய சூழலில் வைத்து ஆய்வாளரை அங்கே வரவழைக்கலாம், அல்லது தரவை இருக்குமிடத்திலேயே விட்டுவிட்டுக் கணக்கீட்டை மட்டும் சுற்றுக்கு விடலாம்.

முதல் வழி மலிவானது, பழகியதும் அதுவே. நோயாளித் தகவலைக் காக்கும் அமெரிக்காவின் ஹிப்பா விதிகளில் ஒரு முறை, பெயர் தொடங்கி 18 வகை அடையாளங்களை நீக்கச் சொல்கிறது. பெயரை மட்டும் நீக்கினால் என்ன ஆகும் என்பதை 1990-களில் மாசசூசெட்ஸ் மாநிலம் கண்டது. அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகள் பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகியவற்றோடு ஆய்வுக்குத் தரப்பட்டன. கணினி ஆய்வாளர் லட்டான்யா ஸ்வீனி 20 டாலருக்கு வாங்கிய கேம்பிரிட்ஜ் வாக்காளர் பட்டியலை அவற்றோடு பொருத்திப் பார்த்து, ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவை அடையாளம் கண்டார். அந்நகரில் அதே பிறந்த தேதி கொண்டவர்கள் ஆறு பேர்; அவர்களில் ஆண்கள் மூவர்; அவருடைய அஞ்சல் குறியீட்டில் அவர் ஒருவரே.

இன்னும் கடுமையாக நீக்கினால் ஆய்வே நொடித்துவிடும். மேற்சொன்ன 18 வகை முறையில் தேதிகளில் ஆண்டு மட்டுமே மிஞ்சும். கைக்குழந்தைக்கு முதல் வலிப்பு வந்த நாளுக்கும் முதல் மருந்து கொடுத்த நாளுக்கும் இடைவெளி எவ்வளவு என்ற எளிய கேள்விக்குக்கூட அதில் விடை கிடைக்காது. வெளியே போன பிரதியைத் திரும்பப் பெறவும் வழியில்லை. என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

இரண்டாம் வழிக்கு நல்ல சான்று, இங்கிலாந்தில் 2020-இல் தொடங்கிய ஓப்பன்சேஃப்லி என்ற ஆய்வுத் தளம். ஆய்வாளர் போலித் தரவை வைத்து நிரல் எழுதுகிறார். அந்த நிரல் உண்மைப் பதிவுகள் இருக்குமிடத்தில் ஓடுகிறது. சரிபார்த்த அட்டவணைகள் மட்டுமே வெளியே வருகின்றன. 1.7 கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைக் கொண்டு கோவிட் மரணங்களை ஆராய இது போதுமானதாக இருந்தது. ஆனால் ஓர் ஊருக்கு நேரே '1' என்றிருந்தால் அந்த ஒருவர் யாரென்று ஊராருக்குத் தெரிந்துவிடும்; இத்தகைய கட்டங்களை மறைக்கப் பயிற்சி பெற்றவர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்தச் செலவைத் தட்டிக்கழிக்கும் நிறுவனம் இவ்வழியை எடுக்கக் கூடாது.

மூன்றாவதான கூட்டுக் கற்றலில் ஒவ்வொரு மருத்துவமனையும் ஒரு கணினி மாதிரியைத் தன் தரவில் தானே பயிற்றுவிக்கிறது; அந்த மாதிரியின் எண்கள் மட்டுமே பயணிக்கின்றன. அவற்றிலிருந்தே பயிற்சிப் படங்களை மீட்டெடுக்க முடியும் என்று 2019-இல் காட்டப்பட்டதால், மறையாக்கமோ, எண்களைத் தற்செயலாகச் சற்றே மாற்றும் இரைச்சல் சேர்ப்போ கட்டாயமாகிறது. நோயாளிகள் குறைவாக இருந்தால் இரைச்சல் முடிவையே மூழ்கடிக்கும். ஒரு மருத்துவமனை சர்க்கரையை மில்லிகிராமிலும் மற்றொன்று மில்லிமோலிலும் பதிந்திருந்தால், மூல வரிகளை நேரில் பார்க்க முடியாத ஆய்வாளருக்கு அந்தப் பிழை எளிதில் தட்டுப்படாது.

ஒரே சட்டத்தின் கீழ் இயங்கும் நிறுவனங்களுக்கு நான் இரண்டாம் வழியையே பரிந்துரைப்பேன். தரவு எல்லை தாண்டச் சட்டம் இடந்தராதபோது மூன்றாவதை. மரபணுத் தரவுக்கு முதல் வழி அறவே ஆகாது: அங்கே தரவே அடையாளம், அதுவும் ஒப்புதல் தந்தவருடையது மட்டுமன்று, ஒருபோதும் கேட்கப்படாத அவருடைய உடன்பிறந்தோருடையதும் பிள்ளைகளுடையதுங்கூட.